தொண்டைச் சதை அறுவையும் இரத்தக் காவலும்

‘குழந்தைக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லுகிறார்’ என்னும் செய்தியை ஒரு முறையேனும் கேளாத குடும்பம் நம்மிடையே அரிது. கேட்டவுடன் தாய்மாரின் உள்ளத்தில் எழும் முதல் வினா, ‘இரத்தம் மிகுதியாகப் போகுமோ?’ என்பதே. அவ்வச்சம் அறியாமையால் எழுவதன்று. டான்ஸில் எனப்படும் தொண்டைச் சதையை அகற்றும் அறுவை அளவில் சிறியது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது. ஆயினும் அதில் அறுவை மருத்துவர் யாவற்றினும் மேலாகக் கருத்தூன்றிக் கவனிப்பது இரத்தப் போக்கையே. அதனை அவர் எவ்வாறு அடக்குகிறார், அவர் தம் பணியை முடித்துச் சென்ற பின்னர் அந்தக் காவல் யாருடைய பொறுப்பாகிறது என்னும் இரண்டையும் இங்கே விளக்க விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லன்; மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். இப்பொருளைப் படித்து அறிய நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், டில்லியில் எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவனுக்கு இவ்வறுவை நடந்தது. மறுநாள் அவனை வீட்டுக்கு அனுப்பும்போது, இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட குறிப்புத்தாள் ஒன்றை மருத்துவமனையில் கொடுத்தார்கள். சிறுவனைக் கவனித்துக்கொள்பவர் அவனுடைய பாட்டியார். அவருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. ‘அம்மா படிக்கும்படி இதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், சார்’ என்று கேட்டு, சிறுவனின் தந்தையார் அத்தாளை என்னிடம் கொடுத்தார். பிள்ளைதான் நலமாக வீடு திரும்பிவிட்டானே, மெல்லச் செய்யலாம் என்று அதை மேஜைமீது வைத்தேன். வைத்தது வைத்தபடியே கிடந்தது.

ஏழாம் நாள் இரவு, பிள்ளை உறக்கத்திலேயே அடிக்கடி எதையோ விழுங்குவதைப் பாட்டியார் கண்டார். தாகம் போலும் என்று எண்ணி, எழுப்பித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார். விடியுமுன் அவன் கருஞ்சிவப்பாக வாந்தி எடுத்தான். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள், பிள்ளை பிழைத்தான். அன்று மாலை வீடு வந்ததும் அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். ‘பிள்ளை அடிக்கடி விழுங்கினால், தொண்டையில் இரத்தம் கசிகிறதா என்று பாருங்கள்’ என்னும் பொருள்பட ஒரு வரி அதில் நான்காவதாக இருந்தது. அவ்வொரு வரியைத் தமிழாக்க எனக்கு ஒரு நிமிடங்கூட ஆகியிராது.

இனி, பொருளுக்கு வருவோம். வாயை அகலத் திறந்தால் அடிநாக்கின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பாதாம் பருப்பு வடிவில் தோன்றுபவையே தொண்டைச் சதைகள். நடுவில் தொங்கும் உள்நாக்கு வேறு. இதனைப் பலர் ஒன்றாகவே கருதி மயங்குவதுண்டு. சிறு வயதில் வாய், மூக்கு வழியாகப் புகும் நோய்க் கிருமிகளை உடல் இனங்கண்டு எதிர்க்க இச்சதைகள் துணை செய்கின்றன. அவை அடிக்கடி வீங்கிச் சீழ் பிடிப்பதும், உறக்கத்தில் மூச்சு தடைப்படும் அளவுக்குப் பருப்பதும் உண்டு. முன்னாளில் சிறு காரணத்துக்கும் இவற்றை அகற்றிவிடும் வழக்கம் இருந்தது. இக்காலத்தில் ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி வந்தாலோ, உறக்கத்தில் மூச்சடைப்பு ஏற்பட்டாலோதான் பெரும்பாலும் அறுவையைப் பற்றி எண்ணுகிறார்கள்.

இச்சிறு சதைக்கு வந்து சேரும் இரத்தக் குழாய்களோ பல. கழுத்தின் இருபுறமும் மேலேறும் பெருந்தமனியின் வெளிக்கிளையிலிருந்து பிரியும் நான்கைந்து கிளைகள் இதற்கு இரத்தம் ஊட்டுகின்றன. அவற்றுள் தலையாயது முகத் தமனியின் கிளை. அது சதையின் அடிப்பகுதி வழியாக நுழைகிறது. சதையின் வெளிப்புறத்தில் இறங்கிவரும் சிரை ஒன்றும் உண்டு. அறுவையின்போது குருதி கொட்டுவதற்கு இச்சிரை பல முறை காரணமாகிறது. மூளைக்குச் செல்லும் பெருந்தமனியோ சதைக்குப் பின்புறமாக ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. மருத்துவரின் கை எவ்வளவு நுட்பமாக இயங்க வேண்டும் என்பதை இதனால் உணரலாம்.

குழாய்கள் பலவாக இருப்பது மட்டுமே இடையூறு அன்று. கை கால்களில் காயம்பட்டால் தைக்கலாம், இறுக்கிக் கட்டலாம். தொண்டையில் கட்டுப் போட இடமில்லை. சதை எடுத்த குழி, தோல் மூடாத புண்ணாக விடப்பட்டுத் தானே ஆற வேண்டியதாகும். உணவும் உமிழ்நீரும் அதன்மீதே சென்றுகொண்டிருக்கும். மூச்சுக் குழலின் வாயிலும் அருகிலேயே இருப்பதால், கசியும் இரத்தம் மூச்சை அடைக்கவும் கூடும். மேலும், பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தம் ஏறத்தாழ 1,200 மில்லிலிட்டரே. வளர்ந்தவருக்கு ஒரு தம்ளர் இரத்தம் போவது தாங்கக்கூடியது. அக்குழந்தைக்கோ அது மொத்த இரத்தத்தில் ஆறில் ஒரு பங்காகிவிடும்.

இரத்தத்தை நிறுத்தும் கலை நம் நாட்டில் மிகப் பழமையானது. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் அதற்கு நான்கு வழிகளைக் கூறுகிறது. துவர்ப்புப் பொருள்களால் புண்ணின் வாயைச் சுருங்கச் செய்தல் ஒன்று. குளிர்ச்சியால் இரத்தத்தை உறையச் செய்தல் மற்றொன்று. சாம்பலிட்டு உலர்த்துதல் மூன்றாவது. சுட்டுக் குழாயைச் சுருக்குதல் நான்காவது. மேல்நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் இருந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ், தொண்டைச் சதையை விரலால் சுற்றிலும் நெகிழ்த்தி எடுப்பதையும், பின்னர்ப் புண்ணைக் காடியால் கழுவி இரத்தத்தைத் தடுக்கும் மருந்து பூசுவதையும் எழுதி வைத்திருக்கிறார். 1828-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் பிலிப் சிங் பிஸிக், சதையை ஒரே வீச்சில் துண்டிக்கும் கருவி ஒன்றை விவரித்தார். விரைவே அதன் சிறப்பு. ஆனால் விரைவாக வெட்டும்போது எந்தக் குழாய் எங்கே அறுபட்டது என்று காண முடிவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருத்து மாறியது. 1909-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் வா, சதையை வெட்டித் தள்ளாமல் அதன் உறையோடு சேர்த்துப் பிரித்தெடுக்கும் முறையை விவரித்தார். 1917-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் சாமுவேல் குரோவும் அவருடைய துணைவர்களும், நன்றாகக் கண்ணால் கண்டு, கசியும் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துச் செய்த அறுவைகளைப் பற்றி எழுதினர். வாயைத் திறந்த நிலையில் தாங்கி நிற்கும் கருவிக்கு இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. 1926-இல் பாஸ்டன் நகரில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி அமைத்த மின்கருவியைத் தம் அறுவையில் பயன்படுத்தினார். மின்சாரத்தின் வெப்பத்தால் குழாய்களைச் சுட்டு மூடும் முறை அதன் பின்னரே பரவிற்று. சுசுருதர் கூறிய நான்காம் வழி புது வடிவம் பெற்றது எனலாம்.

இக்காலத்து மருத்துவர் இரத்தக் காவலை அறுவைக்கு முன்னரே தொடங்கிவிடுகிறார். ‘காயம் பட்டால் இரத்தம் நிற்க நெடுநேரமாகிறதா? பல் பிடுங்கியபோது மிகுதியாக இரத்தம் போயிற்றா? குடும்பத்தில் யாருக்கேனும் அத்தகைய இயல்பு உண்டா?’ என்று வினவுகிறார். இவை வெறும் சடங்கான கேள்விகள் அல்ல. இரத்தம் உறையாத பிறவிக் குறைகள் சில, இரத்தப் பரிசோதனையைக் காட்டிலும் இக்கேள்விகளாலேயே முதலில் வெளிப்படும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை உட்கொண்டு வந்தால், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இரத்தத்தின் உறைசெல்களைத் தொழில் செய்யாதவாறு தடுக்கிறது. அதன் விளைவு ஒரு வாரத்துக்கும் மேலாக நீடிக்கக்கூடும். நாட்டு மருந்தாயினும் மறைத்தல் கூடாது. தொண்டையில் அழற்சி இருக்கும்போது அங்கே இரத்த ஓட்டம் மிகுதி. ஆதலால் அது தணிந்து சில வாரங்கள் சென்ற பின்னரே அறுவைக்கு நாள் குறிப்பிடுகிறார்கள்.

அறுவை மேஜையில் நோயாளிக்கு முழு மயக்கம் தரப்பட்டு, மூச்சுக் குழலுக்குள் ஒரு குழாய் செலுத்தப்படுகிறது. தலை சற்றுத் தாழ்ந்து பின்சாய்ந்திருக்கும். அதனால் வழியும் இரத்தம் மூச்சுக் குழலை நோக்கி ஓடாமல் மூக்கின் பின்புறம் தேங்கும்; அதை உறிஞ்சி எடுப்பது எளிது. சதையின் உறைக்கும் அதனடியில் உள்ள தசைக்கும் இடையே நெகிழ்ச்சியான மெல்லிய பகுதி ஒன்று இருக்கிறது. மருத்துவர் அப்பகுதி வழியாகவே செல்லுகிறார். வழி தவறாவிட்டால் இரத்தப் போக்கு குறைவு. தசைக்குள் புகுந்துவிட்டால் மிகுதி.

சதை வெளிவந்ததும் குழிக்குள் மெல்லிய பஞ்சுத்துணியை வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கிறார். இஃது எளிய செயலாகத் தோன்றினும் பெரும்பயன் உடையது. அறுபட்ட நுண்குழாய்கள் தாமே சுருங்கி, இரத்தம் உறைந்து வாய் மூடுவதற்கு அந்த அழுத்தம் இடமளிக்கிறது. அழுத்தியும் நிற்காத குழாயை நுனி வளைந்த இடுக்கியால் பற்றி, நூலால் முடிச்சிட்டு இறுக்குகிறார். அல்லது மின்கருவியின் இரு முனைகளுக்கிடையே பிடித்துச் சுட்டு மூடுகிறார். குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தில் தோய்த்த துணியை வைப்பதும் உண்டு. உறைந்த இரத்தம் மீண்டும் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் சிலருக்குத் தரப்படுகிறது. ஜப்பானியத் தம்பதியரான உட்டாகோ ஒக்கமோட்டோவும் ஷோசுகே ஒக்கமோட்டோவும் அதனை 1962-இல் உலகுக்கு அறிவித்தனர். இவற்றுக்கெல்லாம் அடங்காத இரத்தப் போக்குக்குக் கழுத்தைத் திறந்து தமனியையே கட்டும் முறை ஒன்றும் இருக்கிறது. அது தேவைப்படுவது மிக மிக அரிது.

இரத்தம் நின்றுவிட்டது என்று கண்டதும் மருத்துவர் முடித்துவிடுவதில்லை. வாயைத் தாங்கிய கருவியைச் சற்றுத் தளர்த்தி மறுபடியும் பார்க்கிறார்; கருவியின் இழுப்பில் அமுங்கியிருந்த குழாய் தளர்த்தியவுடன் கசியக்கூடும். பின்னர் உள்நாக்கின் பின்புறத்தையும் உறிஞ்சித் தூய்மை செய்கிறார். அங்கே மறைந்திருக்கும் இரத்தக் கட்டி ஒன்று, நோயாளி விழிக்கும் நேரத்தில் நழுவி மூச்சுக் குழலை அடைத்துவிடலாம். ஆங்கில மருத்துவர்கள் அதனை ‘மரண விசாரணை அதிகாரியின் கட்டி’ என்றே குறிப்பிடுவார்கள். பார்க்கத் தவறினால் அதை இறுதியில் காண்பவர் அந்த அதிகாரியே என்பது கருத்து.

இத்தனை காவலுக்குப் பின்னரும் இரத்தம் போகக்கூடிய காலங்கள் இரண்டு உண்டு. முதலாவது, அறுவை முடிந்த இருபத்துநான்கு மணி நேரம். மயக்கம் தெளியும்போது இரத்த அழுத்தம் உயர்கிறது, இருமல் வருகிறது, சுருங்கியிருந்த குழாய் விரியலாம், முடிச்சு நழுவலாம். ஆகவேதான் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, செவிலியர் நாடியை அடிக்கடி பார்க்கிறார்கள்.

இரண்டாவது காலமே நமக்கு இன்றியமையாதது. அறுவைக்கு மறுநாள் முதல் குழியின்மீது வெண்மையாகவோ மஞ்சளாகவோ ஓர் ஏடு படியும். அது சீழ் அன்று. புண்ணை மூடிக் காக்கும் இயற்கைக் கவசம். சுரண்டவோ துடைக்கவோ கூடாது. ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் அந்த ஏடு உதிரத் தொடங்கும். அவ்வேளையில் அடியிலுள்ள குழாய் ஏதேனும் திறந்துகொண்டால் இரத்தம் பெருகும். புண்ணில் கிருமி சேர்ந்திருந்தால் அவ்வாய்ப்பு மேலும் கூடும். அப்போது பிள்ளை மருத்துவமனையில் இரான்; வீட்டிலே இருப்பான். வலி குறைந்து விளையாடவும் தொடங்கியிருப்பான். வீட்டார் கவலை நீங்கியிருக்கும் நாள்களும் அவையே.

இஃது எத்தனை பேருக்கு நேர்கிறது? இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 34,000 அறுவைகளைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 3.5 பேருக்குப் பின்னர் இரத்தப் போக்கு ஏற்பட்டது. மீண்டும் அறுவைக் கூடத்துக்குச் செல்ல நேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. சதையைப் பிரிக்கவும் இரத்தத்தை நிறுத்தவும் மின்வெப்பத்தையே நம்பியபோது பிற்கால இரத்தப் போக்கு மிகுதியாகவும், வெப்பமின்றித் துணியாலும் நூலாலும் அடக்கியபோது குறைவாகவும் இருந்ததை அக்கணக்கு காட்டிற்று. அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் அடித்தசையும் வெந்து, உதிரும் ஏடு பெரிதாகிவிடுகிறது. பழைய முறையாயினும் பொறுமையோடு போடும் முடிச்சுக்கு மதிப்புக் குறையவில்லை.

ஆகவே, பெரும்பாலோருக்கு அபாயமில்லை. அச்சிறுபான்மையில் நம் பிள்ளை ஒருவனாக இருந்தால் அதனை உடனே அறிவது எவ்வாறு? வளர்ந்தவர்கள் இரத்தத்தைத் துப்புவார்கள், பார்த்தவுடன் தெரியும். குழந்தைகளோ விழுங்கிவிடுவார்கள். உறக்கத்திலும் அடிக்கடி விழுங்குதல், நாடி விரைந்து ஓடுதல், முகம் வெளிறுதல், காரணமின்றிச் சோர்தல், காப்பித்தூள் கரைத்தாற்போலக் கருநிறமாக வாந்தியெடுத்தல் ஆகியவையே அடையாளங்கள். ஐயம் எழுந்தால் விளக்கைப் போட்டு, பிள்ளையை எழுப்பி, வாயைத் திறக்கச் செய்து பாருங்கள். புதிய சிவப்பு இரத்தம் தென்பட்டால், நின்றுவிட்டதாகத் தோன்றினாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். சிறு கசிவு பெருக்கின் முன்னறிவிப்பாக இருப்பதுண்டு.

பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்து, தலையை முன்னே சாய்த்து, ஊறும் இரத்தத்தைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். சோர்ந்து விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரலையோ பஞ்சையோ தொண்டைக்குள் விடாதீர்கள். உண்ணவும் பருகவும் எதுவும் கொடாதீர்கள். மறுபடியும் மயக்கம் தர நேர்ந்தால் வயிறு நிறைந்திருப்பது இடராகும். அறுவை செய்த இடத்தில் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு, இரவு பகல் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள். பல மாநிலங்களில் 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

சாதாரண நாள்களில் பிள்ளை நன்றாகப் பருகி, உண்டுவர வேண்டும். தொண்டை உலர்ந்தால் வலி மிகும். பாலில் ஊறிய இட்டிலி, குழைந்த தயிர்ச்சாதம், ஆறிய கஞ்சி இவை ஏற்றவை. முறுக்கு, அப்பளம் போன்ற கூர்மையானவையும், கொதிக்கும் மிளகு ரசமும் சில நாள் விலகியிருக்கட்டும். ரோஸ்மில்க், மாதுளைச் சாறு, பீட்ரூட் ஆகியவற்றையும் தவிர்ப்பது நலம். வாந்தியெடுத்தால் இரத்தமா சாறா என்று பிரித்தறிய முடியாமற் போகும். காதில் வலி வருவதும் வாய் நாறுவதும் இயல்பே. வலிக்கு மருத்துவர் எழுதிய மருந்தைத் தவிர வேறு மாத்திரை, சிறப்பாக ஆஸ்பிரின், கொடுக்கலாகாது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கென்று சொல்ல வேண்டியவை இரண்டு உள்ளன. கோடை விடுமுறையில் அறுவையை முடித்துக்கொண்டு அப்படியே ஊருக்குப் புறப்படுவது நம்மவர் பலரின் வழக்கம். டில்லியிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ சென்னைக்கு ரயிலில் செல்ல ஒரு நாளுக்கு மேலாகிறது. வழியில் நள்ளிரவில் இரத்தம் வந்தால், அடுத்த நிலையத்தில் அறுவைக் கூடம் இருக்குமென்று யார் உறுதி கூற முடியும்? அறுவைக்குப் பின் இரண்டு வாரம் கழித்தே பயணச்சீட்டு வாங்குங்கள்.

மற்றொன்று மொழி. வேலைக்குச் சென்ற மகனோ மருமகளோ அல்லாமல், தமிழ் மட்டுமே அறிந்த முதியவர்கள் பிள்ளையுடன் இருக்கும் வீடுகள் பல. குறிப்புத்தாளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அண்டை வீட்டாரிடம் சொல்ல வேண்டிய சொல்லையும் பாட்டியாருக்குக் கற்பியுங்கள். அது கடினமன்று, நாம் ‘இரத்தம்’ என்பதையே மராத்தியர் ‘ரக்த’ என்றும், வங்காளியர் ‘ரொக்தோ’ என்றும், தெலுங்கர் ‘ரக்தம்’ என்றும், கன்னடியர் ‘ரக்த’ என்றும் சொல்லுகிறார்கள். இந்தியில் ‘கூன்’ என்பது பெருவழக்கு, குஜராத்தியில் ‘லோஹி’. ‘டான்ஸில் ஆபரேஷன்’ என்பது எங்கும் விளங்கும். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பிள்ளையின் தொண்டையைச் சுட்டிக் காட்டினால் எவரும் புரிந்துகொள்வார்கள்.

எதிர்வீட்டுச் சிறுவன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அந்தக் குறிப்புத்தாளின் தமிழாக்கத்தை அன்றிரவே எழுதி முடித்து, மறுநாள் காலையில் பாட்டியாரிடம் கொடுத்தேன். அவர் அதை முழுவதும் படித்துவிட்டு, ‘விழுங்கினதைப் பார்த்தேனே அப்பா, அது என்ன என்றுதான் தெரியவில்லை’ என்றார். உங்கள் வீட்டிலோ அண்டையிலோ இவ்வறுவை நடக்குமாயின், ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலான இரவுகளில் பிள்ளையின் அருகே ஒருவர் படுத்திருக்கட்டும். அவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவருடைய மொழியிலேயே முன்னதாகச் சொல்லி வையுங்கள்.